ஆறாவது பொட்டலம்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா, உன் மாமா, நான் மூவரும் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேச முடியாததால்தான் எழுதுகிறேன். ரிசீவரை எடுத்தாலே அம்மா என் தோளில் காதை வைத்துக்கொள்கிறாள். "அவன் என்ன சாப்பிட்டானாம், கேளு" என்பதைத் தாண்டி நம் பேச்சு நகர்வதேயில்லை.

இதோடு எட்டுப் பொட்டலங்கள் அனுப்புகிறேன். எல்லாமே துத்தநாக ஆக்சைடுதான். துத்தநாக நைட்ரேட்டையும் ஹெக்சமைனையும் தண்ணீரில் கரைத்து, எஃகுக் குடுவையில் அடைத்து, பன்னிரண்டு மணி நேரம் சூட்டில் வைத்து எடுத்தது. பார்த்தால் வெறும் மாவு. ஆனால் ஒரு தலைமுடியை ஆயிரமாக வகிர்ந்தால் வருகிற பருமனில் லட்சோபலட்சம் குச்சிகள்.

ஆறாவது பொட்டலத்தைத் தனியாகக் கவனி. மற்ற ஏழும் புற ஊதா விளக்கடியில் பச்சையாக மினுங்குகின்றன. பச்சை வந்தாலே உள்ளே கோளாறு, அணுக்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று அர்த்தம். ஆறாவது மட்டும் கல்லுளிமங்கன் மாதிரி இருட்டாக உட்கார்ந்திருக்கிறது. என் மாணவிகள் "இது ஃபெயில் மேடம்" என்றார்கள். எனக்கென்னவோ இதுதான் தேறும் என்று படுகிறது. உங்கள் பெரிய லேசரால் அடித்தால் சுத்தமான ஊதா வரும், அதுவும் வரைபடத்தில் ஊசி ஊசியாக வரும்.

அதைத்தான் என் நெறியாளர் கேட்கிறார். "அந்த அளவீடு இல்லாம நாலாவது அத்தியாயம் எதுக்கும்மா? வெள்ளைப் பொடியப் பத்தி நாப்பது பக்கமா?" என்று மாணவிகள் முன்னாலேயே கேட்டார். செப்டம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருட உழைப்பு. போன தடவை அனுப்பியதை நீ தொலைத்தே விட்டாய். இந்தத் தடவை விடமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவிடம், சாப்பிட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன் என்று சொல்.

பொட்டலங்கள் பத்திரமாக வந்தன. ஆனால் இங்கே புது விதி போட்டிருக்கிறார்கள். வெளியார் கொடுக்கும் பொடியை லேசரில் வைக்க வேண்டுமானால் விண்ணப்பம், பேராசிரியர் கையெழுத்து, இரண்டு மாதக் காத்திருப்பு. "சார், எங்க அக்காவோடது" என்றேன். "அப்படின்னா மூணு மாசம்" என்றார். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்.

கவலைப்படாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வகத்துக்கு யாரும் வரமாட்டார்கள். நானும் என் சகா சோடாபுட்டியும்தான் மாற்றி மாற்றிச் சாவியை வைத்திருக்கிறோம். இந்த லேசர் ஒரு நொண்டிக் குதிரை. பெட்டியின் மூடியைத் திறந்தால் தானாக அணைந்துவிட வேண்டும். அடிக்கடி அணைகிறதே என்று பேராசிரியரே அப்படி அணைக்கும் சுவிட்சை டேப் போட்டு ஒட்டிவிட்டார், ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிறது. மூன்று பேருக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. அதுவும் கீறல் விழுந்து, போட்டால் உலகமே பனிமூட்டம்.

ஒரு நல்ல ஞாயிறு பார்த்து முடிக்கிறேன். மாமாவுக்கு என் அன்பு.
உன் தம்பி

ஜூலை 2

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமாக இருப்பது தெரிகிறது, பதில் எழுத நேரமில்லாத அளவுக்கு.

உங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வருவதேயில்லையா? ஜூன் மாதத்தில் மட்டும் நான்கு வந்துபோனதாக எங்கள் காலண்டர் சொல்கிறது. மூன்று அத்தியாயங்களைத் தட்டச்சு செய்து கட்டி வைத்தாயிற்று. நாலாவது இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத்தாள் செருகியிருக்கிறேன். தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் போகிறேன்.

பெரிய நிறுவனத்தில் உட்கார்ந்திருக்கிறாய். உனக்கு இது ஒரு மத்தியான வேலை. எனக்கு இது ஏழு வருடம். வருகிற ஞாயிறு முடியாது என்றால் நேராகச் சொல்லிவிடு, வேறு யார் காலிலாவது விழுகிறேன். தம்பி என்று ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பையும் அதோடு விட்டுவிடுகிறேன்.

அக்கா

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமா? வலது கையில் சுளுக்கு. அதனால் நான் சொல்லச் சொல்ல என் சகா இதை எழுதுகிறாள். பயப்பட ஒன்றுமில்லை. லேசர் பழுதாகிக் கிடக்கிறது. சரியானதும் உன் வேலையைப் பார்க்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஆகஸ்ட் 4

தம்பி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரு கிண்டல்கூட இல்லை.

வலது கையில் சுளுக்காம். நீ இடதுகைக்காரன். முதல் வகுப்பில் உன் வாத்தியார் கையை மாற்றச் சொல்லி ஸ்கேலால் அடித்தபோது, சண்டை போடப் போனவள் நான். எந்தக் கையில் எழுதுகிறாய் என்பதே எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? இல்லை, சொல்லி எழுதவைக்கும்போது உனக்கே அது ஞாபகம் இல்லாத நிலையில் இருந்தாயா?

அம்மா இல்லாத நேரத்தில் உன் விடுதிக்குப் போன் செய்தேன். யாரோ ஒரு பையன் எடுத்து, "அண்ணன் இன்னும் ஆஸ்பத்திரியிலேர்ந்து..." என்று ஆரம்பித்தான். பின்னாலிருந்து யாரோ அதட்ட, வைத்துவிட்டான்.

ஒரு வாரம் பார்ப்பேன். பதில் வரவில்லையென்றால் ரயிலேறிவிடுவேன்.

அக்கா

ஆகஸ்ட் 12

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் தம்பி சோடாபுட்டி என்று எழுதியிருப்பானே, அவள்தான் நான். நீங்கள் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாக இதைப் படித்து முடித்த பிறகு. அவனுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

ஜூலை 8 அன்று லேசர் ஒளி அவன் இடது கண்ணில் பட்டுவிட்டது. அந்தக் கருவியிலிருந்து நாங்கள் பயன்படுத்தும் ஒளியோடு, கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பும் கொஞ்சம் கசியும். பெட்டியின் மூடி திறந்திருந்ததால் அது ஏதோ ஒரு லென்ஸில் பட்டுத் தெறித்திருக்கிறது. வலிக்கவே இல்லையாம், காதுக்குள் சொடக்குப் போட்டது மாதிரி ஒரு சத்தம் மட்டும்தானாம். எனக்குப் போன் செய்து, "சுவத்துல ஒரு ஓட்டை தெரியுது, நான் எங்க பாத்தாலும் அதுவும் கூடவே வருது" என்றான்.

விழித்திரையின் நடுவில் சுட்டு, ரத்தம் கசிந்திருந்தது. மூன்று வாரம் அசையாமல் படுக்க வைத்தார்கள். வலது கண்ணுக்கு ஒன்றுமில்லை. இடது கண்ணின் நடுப்பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான்காம் நாள் பேராசிரியர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தாளோடு வந்தார். 'பாதுகாப்புக் கண்ணாடியை நானே கழற்றினேன், விபத்துக்கு நானே பொறுப்பு' என்று தட்டச்சு செய்திருந்தது. படித்துக் காட்டினார். "போட்டுடுப்பா, பெருசாக்க வேண்டாம். அன்னிக்கு நீ என்ன பண்ணிட்டிருந்தேன்னு நானும் கேக்கல" என்றார். இவன் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

என் மேல் கோபப்படுவான். படட்டும்.

இப்படிக்கு,
அவனுடைய சகா

ஆகஸ்ட் 17

தம்பி,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. எல்லாம் தெரியும். அந்தப் பெண்ணைத் திட்டாதே. உங்கள் கட்டடம் முழுவதிலும் மனுஷி அவள் ஒருத்திதான்.

கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருப்பவனிடம் கையெழுத்து வாங்கினவன் பேராசிரியரா? சுவிட்சை ஒட்டினது அவன் கை. டேப்பைக் கிழித்தது அவன் பல்லாகக்கூட இருக்கும். குற்றவாளி மட்டும் நீ. அதைவிட எரிகிறது, நீ மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தது. எதிர் வீட்டுப் பையன் சைக்கிள் செயினைக் கழற்றிவிட்டதற்கு மூன்று தெரு துரத்திப்போய் அடித்தவன் நீ. அந்தத் தம்பி எங்கே போனான்?

உங்கள் இயக்குநருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பிவிட்டேன். டேப் ஒட்டியதை நீ எழுதிய ஜூன் கடிதத்திலிருந்து அப்படியே எடுத்துக் காட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவளிடம் நலம் நலம் என்று பொய் சொல்லி என் நாக்கு தடித்துவிட்டது.

நான் வருகிறேன். எப்போது வரட்டும், சொல்.

அக்கா

ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இதை நானே எழுதுகிறேன். வரிகள் மேலும் கீழும் போனால் பொறுத்துக்கொள். இடது கண்ணைத் திறந்து வைத்தால் எழுத்தின் மேல் ஒரு கறை வந்து உட்காருகிறது. மூடிக்கொண்டால் பேனாமுனை தாளில் பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை.

புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள். கெஞ்சிக் கேட்கிறேன். வரவும் வேண்டாம். விசாரணை என்று வந்தால் ஆய்வகப் பதிவேட்டை எடுப்பார்கள், எதை எதையோ நோண்டுவார்கள். முடிந்தது முடிந்ததாக இருக்கட்டும். நீ ஆய்வேட்டை முடிக்கிற வழியைப் பார்.

அதற்காகத்தான் ஆறாவது பொட்டலத்தின் வரைபடத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ சொன்னது சரி. சக்தியைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஊதா ஊசி ஊசியாகக் கிளம்புகிறது. பச்சை துளிகூட இல்லை. வாழ்த்துகள்.

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.
உன் தம்பி

செப்டம்பர் 6

தம்பி,

வரைபடத்தைப் பார்த்து நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஏழு வருடமாகப் பார்க்க ஆசைப்பட்ட ஊசிகள். ஆனால் என் கண் போனது தாளின் அடிப்பக்கத்துக்கு. அங்கே தேதி அச்சாகியிருக்கும். கத்தரிக்கோலால் கோணல்மாணலாக வெட்டியிருக்கிறாய்.

ஜூலை 30-ல் லேசர் பழுது என்று எழுதினாய். உன் சகா சொன்னது ஜூலை 8. காலண்டரை எடுத்துப் பார்த்தேன். ஞாயிறு. ஜூலை இரண்டாம் தேதி நான் அந்த விஷக் கடிதத்தைப் போட்டேன். வெள்ளிக்கிழமை உனக்குக் கிடைத்திருக்கும். மறுநாள் விட்டு மறுநாள் நீ சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

ஆக, உள்ளே இருந்தது என் பொடி. உன் பேராசிரியர் கேட்காமல் விட்ட விஷயம் அதுதான். என் பெயர் வெளியே வந்தால் என் ஆய்வேடு போய்விடும் என்றுதானே அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாய்? உன்னை யார் கேட்டது? என் நாலாவது அத்தியாயத்துக்கு உன் கண்தான் விலை என்று யார் பேசி முடித்தது? செவிட்டில் அறைய வேண்டும் போலிருக்கிறது. உன்னையா என்னையா என்றுதான் தெரியவில்லை.

இயக்குநருக்கு இரண்டாவது கடிதம் போய்விட்டது. பொடி என்னுடையது, அனுமதியில்லாமல் அனுப்பியது நான், அவசரப்படுத்தியது நான். இவன் செய்தது எல்லாம் என் வற்புறுத்தலால். முழுக் குற்றமும் என்னுடையது என்று எழுதிவிட்டேன்.

அக்கா

செப்டம்பர் 20

அக்கா,

நானும் நலம் விசாரிக்கப் போவதில்லை.

என் கண் போனது, உனக்குக் கோபம். நான் கையெழுத்துப் போட்டேன், உனக்குக் கோபம். சோடாபுட்டிக்கு அழுகை, பேராசிரியருக்குப் பயம். ஆளாளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு மிச்சமிருந்தது நான் செய்த தப்பு ஒன்றுதான். இப்போது அதையும் நீ பதிவுத் தபாலில் போட்டு உன் பெயருக்கு மாற்றிக்கொண்டாய்.

என்ன நடந்தது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? இதுவரை நீ எழுதிய ஒரு கடிதத்திலாவது அந்தக் கேள்வி இருக்கிறதா? நீயே கணக்குப் போட்டாய், நீயே தீர்ப்பும் எழுதினாய். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஸ்கேலால் அடி வாங்கினது நான். வாத்தியாரோடு சண்டை போட்டு ஊரெல்லாம் பேர் வாங்கினது நீ. மறுநாள் அதே வாத்தியார் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தது யார்?

கேள். அன்று மத்தியானம் அளவீடு முடிந்துவிட்டது. ஊசிகள் திரையில் வந்தாயிற்று. அணைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். உன் வேலைக்கு அது போதும். ஆனால் ஐந்து வருடமாக ஒளியை நான் கோடுகளாக மட்டும்தான் பார்த்து வந்திருக்கிறேன். உன் பொடி எரிவதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். மூடியைத் திறந்தேன். கீறல் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. கழற்றினேன். குனிந்தேன்.

பார்த்தேன் அக்கா. பொடியின் மேல் ஒரு கடுகளவு இடம். பார்வைக்கு எட்டியும் எட்டாத ஓர் ஊதா, கொதிக்கிற மாதிரி, நிற்காமல் சிலிர்த்துக்கொண்டு. ஒருவேளை மூன்று நொடி இருக்கும். பிறகு அந்தச் சொடக்கு.

அதற்கு உன் கடிதம் காரணமில்லை. நான் காரணம். அந்தத் தாளில் எழுதியிருந்தது உண்மை. அதனால்தான் கையெழுத்துப் போட்டேன். வெட்கத்தில் போட்டேன். உன் பெயரைக் காப்பாற்றியது அதற்கு நான் போட்டுக்கொண்ட சட்டை. இந்த வெட்கமாவது என்னுடையதாக இருக்கட்டும். இதில் கை வைக்காதே.

வராதே.

தம்பி

அக்டோபர் 15

தம்பிக்கு,

வந்தேன். நீ வேண்டாம் என்று சொன்ன பிறகும் வந்தேன். விசாரணைக் குழு கூப்பிட்டிருந்தது.

முதலில் உன் விடுதிக்குத்தான் போனேன். கதவைத் தட்டினேன். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. செருப்பும் வெளியே இருந்தது. "தம்பி, நான்தான்டா" என்றேன். கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது. அவ்வளவுதான். கால் மணி நேரம் நின்றேன். பிறகு போய்விட்டேன்.

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் இரண்டாவது கடிதத்தை ஆட்டிக் காட்டி, "நீங்களே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டீங்க. அப்புறம் என்னம்மா பிரச்சன?" என்றார். உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது. வழக்கமாக இருந்தால் அங்கேயே சாமியாடியிருப்பேன். "அந்த லெட்டர்ல பாதி நான் தெரியாம எழுதினது. பொடி என்னுது, அனுமதி வாங்காதது என் தப்பு. மீதிய அவன்கிட்டயே கேளுங்க" என்றேன். "இப்ப எனக்கு அந்த அறையக் காட்டுங்க."

காட்டினார்கள். டேப்பை எடுத்துவிட்டார்கள். பசை மட்டும் அப்படியே இருக்கிறது, தொட்டால் ஒட்டுகிறது. ஆணியில் அந்தக் கண்ணாடி தொங்கியது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எந்த ஒளியைத் தடுக்கும் என்று அதன் ஓரத்திலேயே பொடி எழுத்தில் எண் பொறித்திருக்கிறது. உங்கள் லேசரின் எண் அதில் இல்லை, கண்ணுக்குத் தெரியாமல் கசிகிற ஒளியின் எண்ணும் இல்லை. பக்கத்து அறையில் இருந்த பழைய சிவப்பு லேசருக்கு வாங்கியதாம். அதை அப்புறப்படுத்தி நாலு வருடம் ஆகிறதாம்.

சத்தமாகப் படித்துக் காட்டினேன். உன் பேராசிரியர் சுவரைப் பார்த்தார். குழுத் தலைவர் வாங்கிப் பார்த்தார்.

நீ கழற்றினது உண்மை. அது உன்னுடையது, நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இதை உனக்குச் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமையில்லை. அதனால் சொல்கிறேன்.

நாலாவது அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். மூன்றோடு கொடுத்திருக்கிறேன், தேறினால் தேறட்டும்.

என்ன நடந்தது என்று உன்னைக் கேட்காதது தப்பு. ஜூலைக் கடிதமும் தப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

டிசம்பர் 2

அக்காவுக்கு,

நான் ஓரளவு நலம். அங்கே எப்படி?

உன் கடிதம் வந்து ஆறு வாரமாகிறது. முதல் மூன்று வாரம் அதை மேஜை மேலேயே போட்டு வைத்திருந்தேன். எனக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கே பிடிபடவில்லை. மாதக்கணக்காக, அந்தக் கண்ணாடியைக் கழற்றிய கையை வெட்டிப் போட்டுவிடலாமா என்று இருந்தேன். அந்தக் கண்ணாடியை எத்தனை நூறு தடவை எடுத்து மாட்டியிருப்பேன்! ஒரு நாள்கூட அந்த எண்ணைப் படித்ததில்லை. படிக்க வேண்டியவர் பேராசிரியர். நாங்கள் மூன்று பேரும் ஐந்து வருடமாக வெறும் பிளாஸ்டிக்கை மாட்டிக்கொண்டு குனிந்திருக்கிறோம்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அவர் அறைக்குப் போனேன். "உக்காருப்பா, கண்ணு எப்படி இருக்கு?" என்றார்.

"அந்தக் கண்ணாடி எந்த லேசருக்கு வாங்கினது சார்?"

"அதெல்லாம் கமிட்டி பாத்துக்கும்ப்பா."

"ஆஸ்பத்திரிக்கு அந்தத் தாளோட வந்தீங்களே, அப்ப உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

மேஜையிலிருந்த கோப்பைப் பிரித்தார். மறுபடியும் கேட்டேன். மூன்றாம் தடவை நான் கத்தியது தாழ்வாரம் முழுக்கக் கேட்டதாம், சோடாபுட்டி சொன்னாள். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

குழுவிடம் என் பழைய வாக்குமூலத்தைக் கேட்டு வாங்கினேன். கிழிக்கவில்லை. 'கண்ணாடியைக் கழற்றினேன்' என்பதற்குக் கீழே, அது எந்தக் கண்ணாடி, சுவிட்சை ஒட்டியது யார், உள்ளே இருந்தது யாருடைய பொடி, நான் ஏன் குனிந்தேன் என்று என் கைப்பட இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார்கள். பேராசிரியர் நீண்ட விடுப்பில் இருக்கிறார். அதற்கு மேல் அவரை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நினைக்கிறேன். என் ஆய்வை வேறொருவரிடம் மாற்றியிருக்கிறார்கள், ஒரு வருடம் தள்ளிப்போகும். கறை அப்படியே இருக்கிறது.

நேற்று அம்மாவிடம் நானே போனில் சொல்லிவிட்டேன். பிறகு வந்தது பார்: "அஞ்சு மாசமா என்ன சாப்பிட்டே என்ன சாப்பிட்டேன்னு கேட்டுக்கிட்டே இருந்தேனே, ரெண்டு பேருமா சேந்து என்னை என்னன்னுடா நெனச்சீங்க?" உன்னோடு பேசப் போவதில்லையாம், என்னோடும் பேசப் போவதில்லையாம். ஆனால் வரப் போகிறாளாம். தனியாக அனுப்பாதே, நீயே கூட்டிக்கொண்டு வா.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஜூலைக் கடிதத்துக்காக இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் நீயே பேசி முடித்துவிடுகிறாயே, அதற்காக. அது ஒரு நாளில் போகாது. அன்றைக்கு நீ தட்டியபோது எழுந்து கதவருகே வந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். திறந்தால் நீ அழுவாய், நான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது. என்னால் அது முடிந்திருக்காது.

வந்தால் தட்டு. திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லத் தெரியவில்லை. போய்விடாதே.

தம்பி